பேர் ஆசை

"ஐயா, டாட் காம் என்கிற பாடகர் யார்? காலையிலிருந்து அவரே பாடிக்கொண்டிருக்கிறாரே, தொண்டை கட்டிக்கொள்ளாதா?"

வானொலியின் புகார்ப் பெட்டியில் இந்தச் செய்தி வந்து விழுந்தபோது புள்ளி தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். படித்து முடிப்பதற்குள் பிஸ்கட் பாதியில் முறிந்து உள்ளே போய்விட்டது.

புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் அல்ல. முதலாளி வைத்தது. கம்ப்யூட்டரில் சொற்களைத் தேடி வெட்டி ஒட்டுவதற்கு ரெஜெக்ஸ் என்று ஒரு வித்தை உண்டு. 'இந்த மாதிரி இருந்தால் வைத்துக்கொள், அந்த மாதிரி இருந்தால் நறுக்கு' என்று ஒரே வரியில் ஓர் அச்சு செய்து கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான பேர்களை அதில் போட்டு வார்த்து எடுத்துவிடும். அந்த அச்சில் 'எந்த எழுத்தானாலும் சரி' என்பதற்கு அடையாளம் ஒரு புள்ளி. இவர் எழுதுகிற ஒவ்வொரு வரியும் புள்ளியில்தான் ஆரம்பிக்கும். "என்னய்யா எப்பப் பாத்தாலும் புள்ளி வச்சுக்கிட்டே இருக்க? கோலமா போடற?" என்று முதலாளி ஒரு நாள் கேட்டார். அன்றையிலிருந்து அதுவே பேராகிவிட்டது. ஊரில் பெரிய புள்ளி என்றால் காரும் பங்களாவும் இருக்கும். இவர் சின்னப் புள்ளி. ஒரு நாற்காலி, ஒரு திரை, அவ்வளவுதான்.

வானொலி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. இணையத்தில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். கேட்பவர்களின் திரையில் பாட்டின் பேரும் பாடியவர் பேரும் ஊர்ந்து போகும். பாட்டுகளை முதலாளி கண்ட கண்ட இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்குகளாக வாங்கி வந்து குவித்திருந்தார். எந்தப் பாட்டுக்கும் ஒழுங்கான பேர் கிடையாது. '03 இரட்டைக்குயில்கள் - நூறு படி ஏறி (சோகம்) புதுசு காப்பி ரெண்டு ஃபைனல் டாட் காம்' என்கிற ரீதியில் இருக்கும். அதிலிருந்து பேரைப் பிரித்தெடுப்பது புள்ளியின் வேலை.

அலுவலகத்தில் அவரோடு பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள், எப்போது வேலை செய்யும் என்று கேட்பவர்கள். வீட்டில் அந்த இரண்டு வகையும் இல்லை. மனைவி பிரிந்துபோய் வெகு காலமாகிறது. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. "சுவத்தோட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று சொல்லிவிட்டு, காய்கறி நறுக்குகிற பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குச் சரியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி தெரு முனை திரும்பிவிட்டது. அந்தப் பதில் இன்னும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"உடம்பு?"

"இருக்கு."

"சரி, வைக்கிறேன்."

அந்த வாரத்துப் பேச்சு அதோடு தீர்ந்தது.

அப்படிப்பட்டவரிடம் ஒருவர் வலிய வந்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதுவும் எழுத்தில். யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் உண்டு. பிஸ்கட்டை மறந்துவிட்டுப் புள்ளி தட்டினார்: "வணக்கம். டாட் காம் பாடகர் அல்ல. பாட்டை முதலில் இணையத்தில் ஏற்றியவர்கள் ஒட்டிவிட்ட வால். இன்றே நறுக்கிவிடுகிறேன். தாங்கள் ஐயாவா, அம்மாவா?"

அனுப்பியவரின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜன்னலோரம்' என்று மட்டும்தான் இருந்தது.

"அம்மாதான். பேரன் இருக்கிறான். வாலை நறுக்கும்போது உடம்பில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

கத்தி பட்டுவிட்டது. வாலை நறுக்கிய கையோடு, பேருக்கு முன்னால் இருக்கிற வரிசை எண்களையும் புள்ளி நறுக்கியிருந்தார். மறுநாள் வேலைக்கு வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் செய்தி காத்திருந்தது.

"ஐயா, 'பேர் நடந்த தெரு' என்று ஒரு பாட்டு ஓடுகிறது. நடந்தவர்கள் இரண்டு பேர். அவர்களை எங்கே தொலைத்தீர்கள்?"

புள்ளி எடுத்துப் பார்த்தார். '2 பேர் நடந்த தெரு.' எண் என்று நினைத்து இரண்டை வெட்டியாகிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாதலால், விளம்பரம் பிடிக்கிற அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளை எல்லோரும் விளம்பரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. ரெண்டு பேரைத் தொலைச்சிட்டேன்."

"போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"

அந்த இரண்டு பேரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அடுத்து அடைப்புக்குறிகளில் கை வைத்தார். 'சோகம்', 'திருத்தியது' என்று அடைப்புக்குள் இருக்கிற ஒட்டுச் சொற்களை எடுக்க வேண்டும். அச்சு சுலபம். அடைப்பு திறந்தால், அது மூடுகிற வரைக்கும் இருப்பதையெல்லாம் நீக்கு. 'இருப்பதையெல்லாம்' என்பதற்குப் புள்ளியும் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட வேண்டும். எழுதிப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவருடைய திரைக்கு முன்னால் நின்றார்.

"என்னய்யா இது, பேரே இல்லாம பாட்டு ஓடுது? அனாதைப் பாட்டா?"

புள்ளி குனிந்து பார்த்தார். '(பழசு) கோடை மழை (திருத்தியது)' என்று ஒரு பேர். முதல் அடைப்பு திறந்ததும் வாயைப் பிளந்த அச்சு, பக்கத்திலேயே ஓர் அடைப்பு மூடுவதைக் கண்டுகொள்ளாமல், கோடையையும் மழையையும் விழுங்கிக் கடைசி அடைப்பில் போய்த்தான் வாயை மூடியிருந்தது. காலை முழுக்க அதே கதைதான்.

"பேராசை சார்."

"யாருக்கு? எனக்கா?"

"நட்சத்திரத்துக்கு சார்."

"நான் வேலையைக் கேட்டா நீ ஜோசியம் சொல்ற!"

"அந்தக் குறியோட குணமே அப்படி சார். கிடைச்சவரைக்கும் அள்ளும். எங்க தொழில்ல அதைப் பேராசைன்னுதான் சொல்லுவோம்."

"பேர் ஆசை! அதான் எல்லாப் பேரையும் தின்னுடுச்சு" என்றார் முதலாளி. தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டதால் அன்று திட்டு கொஞ்சம் குறைந்தது.

ஜன்னலோரம் அம்மா எழுதியிருந்தார்: "காலை முழுதும் திரை வெறுமையாக இருந்ததே, இன்று நிகழ்ச்சி இல்லையா?"

"நிகழ்ச்சி இருந்ததே அம்மா. பேர்தான் வரவில்லை."

"பேர் வராவிட்டால் எனக்கு நிகழ்ச்சி இல்லாத மாதிரிதான் ஐயா."

புள்ளி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நம்மைப் போலவே ஒரு பிறவி என்று தோன்றியது. எல்லோரும் பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பேர் சரியாக இருக்க வேண்டும் என்று உலகத்தில் கவலைப்படுகிறவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான். அவர்கள் இருவரும் இதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்தது இடைக்கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் பாடியவர், மறுபக்கம் பாட்டு என்று பிரித்தார். 'தன்னந்-தனியே வந்த ரயில்' அதில் அகப்பட்டுக்கொண்டது. திரையில் பாட்டு 'தனியே வந்த ரயில்' என்றும், பாடியவர் 'தன்னந்' என்றும் ஓடியது.

"தன்னந் என்பவர் புதுப் பாடகரா ஐயா? பாவம், தனியாகப் பாடுகிறார் போலிருக்கிறது."

"அவருக்கு யாரும் இல்லை அம்மா" என்று புள்ளி பதில் போட்டார். அனுப்பிய பிறகுதான் அது பாடகரைப் பற்றி மட்டும் எழுதினதாகத் தெரியவில்லையே என்று கூச்சமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "பாட்டு இருக்கிறதே, போதாதா?"

அன்று மதியம் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். "சந்தேகம் ஏதாவது இருந்தால் தொலைபேசியிலேயே சொல்லலாம் அம்மா. எண் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, அவர் உண்மையிலேயே கூப்பிட்டுவிட்டால் என்ன பேசுவது என்று ஒரு காகிதத்தில் எழுத உட்கார்ந்தார்.

"வேண்டாம் ஐயா. எனக்கு எழுத்துதான் வசதி" என்றார் ஜன்னலோரம் அம்மா.

புள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு பெருமூச்சாக விட்டார்.

இடைக்கோடு, அடிக்கோடு, நட்சத்திரக் குறி என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு திரிவானேன், ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்று முடிவு செய்தார். 'எழுத்தோ இடைவெளியோ அல்லாத எதுவானாலும் நீக்கு.' இனி எந்தக் குப்பையும் தப்பாது.

விளம்பரம்மாதான் முதலில் கூவினாள். "சார்! இங்க வாங்க! இதை எப்படிப் படிக்கிறது? இரடடககயலகள... ஐயோ, பல் கழண்டுடும் போல இருக்கே!"

இரட்டைக்குயில்கள். கம்ப்யூட்டருக்குத் தமிழில் எழுத்து என்றால் உடம்பு மட்டும்தான் எழுத்து. மேலே இருக்கிற புள்ளி, பக்கத்தில் நிற்கிற கால், முன்னால் நிற்கிற கொம்பு, சுழி, விசிறி எதுவும் அதன் கணக்கில் எழுத்தில்லை. எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிட்டது. நூறு படி ஏறி, 'நற பட ஏற' ஆகிக் கிடந்தது. கோடை மழை 'கட மழ' ஆகியிருந்தது. விளம்பரம் கொடுத்திருந்த மெத்தைக் கடைக்காரர் தொலைபேசியில் கத்துவது முதலாளியின் அறையைத் தாண்டி இங்கே கேட்டது. 'நம்பிக்கையான மெத்தை' என்பது 'நமபககயன மதத' என்று ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, எழுத்துக்கெல்லாம் காலை ஒடித்து, கொம்பை முறித்து, புள்ளியைத் துடைத்து வைத்திருக்கிறீர்கள். அவை என்ன பாவம் செய்தன?"

"மன்னிக்க வேண்டும் அம்மா. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கே என் பேரே புள்ளிதான்."

"அடடா. அப்படியானால் உங்களை நீங்களே அழித்துக்கொண்டீர்கள்."

முதலாளி வந்து நின்றார். இந்தத் தடவை கை இடுப்பில் இல்லை, மேசையில் ஓங்கி விழுந்தது.

"யோவ் புள்ளி. இந்த மாசத்துக்குள்ள எல்லாப் பேரும் ஒழுங்கா வரணும். இல்லேன்னா உன் இடத்துல ஒரு சாஃப்ட்வேரை வச்சிடுவேன்."

"அதைத்தானே சார் நான் எழுதிக்கிட்டிருக்கேன்?"

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு."

வேலை போனால் என்ன ஆகும் என்று புள்ளி அன்று யோசித்துப் பார்த்தார். சாப்பாட்டுக்கு எப்படியாவது வழி பிறக்கும். புகார்ப் பெட்டி பிறக்காது. அதை நினைத்ததும் கை பரபரத்தது. அந்தப் பரபரப்பில்தான் இருப்பதிலேயே பெரிய தப்பு நடந்தது.

எழுத்துகளுக்குக் காலும் கொம்பும் திரும்ப வந்துவிட்டன. அதுவரை திரையில் தெரிகிற பேரை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது அடிமடியிலேயே கை வைத்து, பாட்டுக் கோப்புகளின் பேரையும் அடியோடு மாற்றினார். பாட்டை ஓட்டுகிற இயந்திரத்துக்கு இது தெரியாது. அது பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. பழைய பேரில் யாரும் இல்லை. விளைவு, மதியம் முழுக்கத் திரையில் பேர்கள் அச்சுப் பிசகாமல் அழகாக ஊர்ந்துகொண்டே இருந்தன. பாட்டுதான் இல்லை. ஒரு சத்தம் இல்லை. மயான அமைதி.

நேயர்கள் பொங்கி எழுந்தார்கள். 'காது அடைச்சிருச்சுன்னு டாக்டர்கிட்ட போயிட்டேன்' என்று ஒருவர். 'புது ஹெட்போனைத் தூக்கிப் போட்டு உடைச்சிட்டேன், நஷ்ட ஈடு குடு' என்று இன்னொருவர். முதலாளி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிக்கப் படிக்கப் புள்ளி நாற்காலியோடு நாற்காலியாக ஒடுங்கிக்கொண்டிருந்தார். நடுவில் முதலாளியின் குரல் நின்றது.

"இதைக் கேளு. ஜன்னலோரம்னு ஒருத்தர். 'ஐயா, இத்தனை நாளில் இன்றைக்குத்தான் ஒரு குறையும் இல்லை. மதியம் முழுக்க அருமையான நிகழ்ச்சி. மனம் நிறைந்த நன்றி.' பாத்தியா? எப்படிக் குத்துறாங்கன்னு பாத்தியா? மத்தவங்க திட்டினது எனக்கு வலிக்கல புள்ளி. இது வலிக்குது."

புள்ளிக்கு அதைவிட வலித்தது. ஊரே கிண்டல் செய்யட்டும். இவருமா?

இயந்திரத்துக்குப் புதுப் பேர்களைக் கற்றுக்கொடுத்து, பாட்டு திரும்ப வந்த பிறகு, அவர் ஒரு வரி எழுதினார். "கிண்டல் செய்கிறீர்களா அம்மா?"

"இல்லை ஐயா. உண்மையாகத்தான் சொன்னேன்."

அவர் நம்பவில்லை. பதிலும் போடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்வதற்கு இல்லாததால் அல்ல, கோபத்தால் பேசாமல் இருந்தார். புதுப் பழக்கம் என்பதால் தலை வலித்தது.

மாசம் முடிய நாள் நெருங்கியது. புள்ளி ரெஜெக்ஸை ஓரம் கட்டினார். அது எவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டதோ அவ்வளவு போதும். மிச்சமிருந்த அடங்காப்பிடாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, காதில் ஹெட்போனை மாட்டி, பாட்டைக் கேட்டு, பேரைக் கையால் தட்டினார். இத்தனை காலம் பாட்டோடு குடித்தனம் நடத்தியும் அவர் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. 'தன்னந்-தனியே வந்த ரயில்' உண்மையிலேயே நல்ல பாட்டு. அதைச் சொல்ல ஆள் வேண்டும்போல் இருந்தது. ஆள் யார் என்பதும் தெரிந்திருந்தது. வீம்பு விடவில்லை.

கடைசியில் எல்லாப் பேரும் சரியாகிவிட்டன. முதலாளி நாள் முழுக்கத் திரையையே முறைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லய்யா" என்றார். அவர் அகராதியில் அது பாரத ரத்னாவுக்குச் சமம்.

அன்றோடு புகார்ப் பெட்டியும் காலியாகிவிட்டது.

புள்ளி காலையில் வந்ததும் பார்ப்பார். காலி. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்ப்பார். காலி. பெட்டியே பழுதோ என்று சந்தேகப்பட்டுத் தனக்குத்தானே ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தார். 'சோதனை' என்று ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

"என்ன சார், தெனம் அதையே திறந்து திறந்து பாக்கறீங்க?" என்றாள் விளம்பரம்மா. "புகார் வரலேன்னா சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான்" என்றார் புள்ளி, துக்க வீட்டில் சொல்கிற குரலில்.

அந்த அம்மாவுக்குக் கோபம். கிண்டலா என்று கேட்டது மனசில் தைத்திருக்கும். அல்லது கோபமே இல்லை, குறை இல்லாததால் பேச்சு இல்லை. எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நன்றாக இருக்கிறீர்களா என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். புள்ளி, 'கோடை மழை'யைக் 'கோடை மலை' என்று மாற்றி வைத்தார்.

பாட்டு ஓடத் தொடங்கி மூச்சு விடுவதற்குள் செய்தி வந்து விழுந்தது.

"ஐயா, மலை அல்ல, மழை."

புள்ளி நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். சுழல் நாற்காலியாக இருந்ததால் அது இன்னும் இரண்டு சுற்றுத் தானாகவே சுற்றியது. "மன்னிக்க வேண்டும் அம்மா, உடனே திருத்துகிறேன். நலமா?" என்று தட்டினார். நலம் என்று பதில் வந்தது. பேரனுக்குப் பல் முளைக்கிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறான், நேற்று டேப்லெட்டின் மூலையையும் கடித்துவிட்டான் என்றும் வந்தது.

அதற்குப் பிறகு தினம் ஒரு தப்பு. ஒன்றே ஒன்று. ஒரு நாள் ரயிலுக்குப் பதில் மயில் வரும். ஒரு நாள் படி, பாடியாகிவிடும். காலையில் தப்பை விதைப்பார், மதியத்துக்குள் செய்தி முளைக்கும், சாயங்காலம் வரை அதைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார். அக்கா ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, சாப்பிட்டேன் என்பதோடு நிற்காமல், "பல் முளைக்கிற குழந்தைக்கு என்ன குடுத்தா கடிக்கிறது நிக்கும்?" என்று கேட்டார். "இது என் தம்பி நம்பர்தானே?" என்றாள் அக்கா.

முதலாளிதான் மோப்பம் பிடித்தார். "எல்லாம் சரியா இருக்கு. தெனம் ஒண்ணே ஒண்ணு மட்டும் எப்படிய்யா தப்பா வருது?"

"ரெஜெக்ஸ் அப்படித்தான் சார். கொஞ்சம் பிடிவாதம்."

"தெனம் அதை ஒரே அம்மா கண்டுபிடிக்கிறாங்க."

"அவங்களும் கொஞ்சம் பிடிவாதம் சார்."

முதலாளி கணக்கைத் திருப்பிப் பார்த்தார். காலையிலிருந்து இரவு வரை அந்த வானொலியைத் திறந்தே வைத்திருக்கிற ஒரே நேயர் ஜன்னலோரம் என்று தெரிந்தது. அவருக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. "சிறந்த நேயர்னு ஒரு பரிசு குடுப்போம். போட்டோ எடுத்துப் போடுவோம். விளம்பரமும் ஆச்சு, அந்தம்மா வாயும் அடைஞ்சுடும்." விளம்பரப் பணத்துக்குப் பதிலாக யாரோ தலையில் கட்டிவிட்டுப் போன பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. "இதைக் கொண்டுபோய்க் குடு. என்னன்னு முன்னாடியே சொல்லாத."

முகவரி கேட்டபோது ஜன்னலோரம் அம்மா கொஞ்சம் தயங்கினார். "பரிசு எதற்கு ஐயா? பேர்கள் சரியாக வந்தால் போதும்." பிறகு அனுப்பிவைத்தார்.

புள்ளி புதுச் சட்டை வாங்கினார். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தார். அம்மா, நான்தான் புள்ளி. அன்றைக்கு அப்படிக் கேட்டது தப்பு. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்பது இந்தத் தடவையும் அகப்படவில்லை. லிப்ட் இல்லாத கட்டடம். வீடு மேல் மாடியில். பெட்டி, படிக்குப் படி எடை கூடியது. கதவுக்கு முன்னால் போய் நின்றபோது புதுச் சட்டை முதுகோடு ஒட்டிப் பழைய சட்டையாகியிருந்தது.

கதவைத் திறந்த பெண் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் இருந்த குழந்தை அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தது.

"வானொலியிலிருந்து வர்றேம்மா. ஜன்னலோரம்ங்கிறது..."

"அத்தைதான். வாங்க சார், உள்ள வாங்க. இன்னிக்கி யாரோ வருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி. நரைத்த தலை, மடியில் டேப்லெட், கண்கள் மூடியிருந்தன. ஒரு பாதம் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. விரல்கள் நாற்காலிக் கையின் மேல் மெல்ல ஏறி இறங்கின. உதடுகள் லேசாக அசைந்தன. யாரும் இப்படி லயித்துக் கிடந்து புள்ளி பார்த்ததில்லை. பெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். அறையில் பாட்டு எதுவும் கேட்கவில்லை. குழந்தைக்காகச் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"அம்மா" என்றார். "நான்தான் புள்ளி."

அந்த அம்மா திரும்பவில்லை. பாதம் மட்டும் தாளம் தப்பாமல் ஆடியது.

"அம்மா, நான்தான்..." என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"பெட்டியில என்ன சார்?" என்று கேட்டாள் மருமகள்.

"ஸ்பீக்கர்மா. முதல் பரிசு. நல்லாக் கேக்கும். நாலு வீடு தள்ளிக்கூடக் கேக்கும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மாமியார் பக்கத்திலேயே இருந்தும் குரலைக் கொஞ்சமும் தாழ்த்திக்கொள்ளாமல் சொன்னாள்:

"அத்தைக்குக் காது சுத்தமாப் போயிப் பல வருஷமாச்சு சார், பேரைப் படிச்சதும் பாட்டு அவங்க உள்ளேயே ஓட ஆரம்பிச்சிடும், பேரு தப்பா வந்தாத்தான் அன்னிக்கு அந்தப் பாட்டு கிடையாது."